பழைய சைக்கிளின் பெயிண்டும் எழுத்தும்: அழிக்காமல் புதுப்பிப்பது எப்படி?

ஊரை விட்டு வந்து இங்கே குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பழைய சைக்கிள் இருக்கும். மாடிப்படிக்குக் கீழேயோ பால்கனி மூலையிலோ, கிழிந்த போர்வை போர்த்தியபடி நிற்கும். அப்பாவோ தாத்தாவோ வேலைக்கு வந்த புதிதில் வாங்கிய வண்டி. அதை யாரும் ஓட்டுவதில்லை. விற்கவும் மனம் வருவதில்லை. ஒருநாள் வீட்டில் யாராவது, "இதுக்கு ஒரு பெயிண்ட் அடிச்சு வைக்கலாமே" என்பார்கள். அப்படிச் சொல்லப்படும் நாளுக்காகவே இந்தக் கட்டுரை.

அந்த யோசனையை 1988-ல் நான் செயல்படுத்தினேன். அதில் நான் செய்த தவறைச் சரிசெய்ய முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில்தான் உட்கார்ந்தேன். பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. அப்போது கற்றுக்கொண்டதை அன்பர்களுக்குப் பயன்படும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்

என் தந்தையார் கும்பகோணம் பக்கத்திலிருந்து 1956-ல் ஆசன்சோலுக்கு ரயில்வே குமாஸ்தாவாக வந்தார். 1961-ல் ஒரு சென்-ராலி சைக்கிள் வாங்கினார். கறுப்பு நிறம், கம்பி பிரேக், செயினை முழுவதும் மூடும் செயின் கவர், பின்னால் கேரியர். காய்கறிப் பையும், அரிசி மூட்டையும், பள்ளிக்குப் போகும் நானும் அதில்தான் போனோம்.

1988-ல் எனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை. அவர் ஊருக்குப் போயிருந்த சமயம் பார்த்து, சாலையோரம் ஸ்கூட்டர்களுக்கு டூக்கோ பெயிண்ட் அடிக்கும் ஒருவரிடம் சைக்கிளைக் கொடுத்தேன். "பளபளவென்று இருக்கவேண்டும்" என்று மட்டும் சொன்னேன். மூன்று நாளில் வண்டி மெரூன் நிறத்தில் வந்தது. தங்க எழுத்து, கோடு, சின்னம் எதுவும் இல்லை.

அப்பா வந்து பார்த்தார். மணியை ஒருமுறை அடித்தார். "நல்லாத்தான் இருக்கு. செயின் கவர் எங்கே?" என்று கேட்டார். அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, பெயிண்டரிடம் கொடுக்க மறந்திருந்தேன். அதையும் அடித்து வாங்கி வருவதாகச் சொன்னேன். "அது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவரே அதை மாட்டினார். மெரூன் வண்டியில் கறுப்புச் செயின் கவர். ஓய்வு பெறும் 1992 வரை அப்படியேதான் ஓட்டினார். அவர் அதை ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்தே புரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் வண்டி எது?

வேலையைத் தொடங்கும் முன் வண்டியை அடையாளம் காணவேண்டும். ராலி இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில், ராலி தெரு என்ற தெருவில் பிறந்தது. பெயரும் அதனால் வந்ததே. ஃபிராங்க் பௌடன் என்பவர் 1888-ல் அதை நிறுவனமாக வளர்த்தெடுத்தார். நம் நாட்டில் சென் குடும்பத்தாரும் ராலியும் கூட்டாக ஆசன்சோலை அடுத்த கன்யாபூரில் 1950-களின் தொடக்கத்தில் தொழிற்சாலை அமைத்தனர். 1980-ல் அது அரசுடைமை ஆகி, சைக்கிள் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா ஆயிற்று. பின்னர் மூடப்பட்டது.

சின்னம் அழிந்துபோனாலும் சில வண்டிகளை உறுப்புகளைக் கொண்டே கண்டுகொள்ளலாம். பெடல் பொருந்தும் பல்சக்கரத்தின் நடுவே நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருந்தால் ராலி. கை வடிவம் இருந்தால் ரட்ஜ். சிறுமனித உருவங்கள் வரிசையாக நின்றால் ஹம்பர்; முன் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலும் இரட்டைக் குழாயாக இருப்பதும் ஹம்பரின் அடையாளமே. அம்பத்தூரில் 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், சோனிபட்டில் 1951-ல் தொடங்கி 2020-ல் தன் கடைசி ஆலையையும் மூடிய அட்லஸ், லூதியானாவின் ஹீரோ ஆகியவையும் நம் வீடுகளில் இருக்கும். எந்த வண்டியானாலும் செய்முறை ஒன்றே.

பெயிண்ட் எப்படி அடுக்கப்பட்டது?

நாம் "பெயிண்ட்" என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் நான்கு அடுக்கு.

1. இரும்புக் குழாயின்மேல் துரு தடுக்கும் பூச்சு.

2. அதன்மேல் எனாமல். இது காற்றில் உலர்ந்தது அல்ல; சூளையில் 120 டிகிரிக்கு மேலான சூட்டில் சுடப்பட்டது. அதனால்தான் அறுபது ஆண்டு கழித்தும் அந்தக் கறுப்பு கண்ணாடிபோல் கெட்டியாக இருக்கிறது.

3. எனாமல்மேல் பெயரும் சின்னமும். இவை கையால் எழுதப்பட்டவை அல்ல. தாளில் அச்சிட்டு, குழாயின்மேல் ஒட்டி, தாளை மட்டும் நீக்கிய ஒட்டுப்படங்கள். தொழிலில் இதை டிரான்ஸ்ஃபர் என்பார்கள். தங்கக் கோடுகள் மட்டும் பல வண்டிகளில் தூரிகையால் இழுக்கப்பட்டவை.

4. எல்லாவற்றுக்கும் மேல் வார்னிஷ். வயதானால் இது மஞ்சளாகிறது.

இதில் கவனிக்கவேண்டியது: இரண்டாம் அடுக்கு மிக உறுதியானது, மூன்றாம், நான்காம் அடுக்குகள் மிக மென்மையானவை. கறுப்பு தாங்குவதை எழுத்து தாங்காது. பழைய சைக்கிள்களைப் புதுப்பிக்கும்போது நேரும் இழப்புகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாடு தெரியாததால் நேர்பவை.

முதல் வேலை: அளவெடுப்பு

துணியை எடுக்கும் முன் கேமராவை எடுங்கள். வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில், இருபுறமும் முழுப்படம் எடுக்கவும். பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் சின்னத்துக்கும் தனிப்படம். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை அருகில் வைத்து எடுத்தால் பின்னால் அளவு தெரியும்.

படம் மட்டும் போதாது. குழாய் உருளை வடிவம். படத்தில் ஓர எழுத்துகள் ஒடுங்கித் தெரியும். எனவே டிரேசிங் தாளைக் குழாயின்மேல் சுற்றி, மென்மையான பென்சிலால் எழுத்தின் ஓரங்களை நகலெடுக்க வேண்டும். தாளை விரித்தால் எழுத்தின் உண்மையான அகலம் கிடைக்கும். குழாயின் சுற்றளவுக்கு ஒரு நூலைச் சுற்றி அளக்கலாம்: ஓர் அங்குலக் குழாய் என்றால் சுமார் 8 சென்டிமீட்டர் வரும். எழுத்து எந்த இணைப்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் தொடங்குகிறது, கோடு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்பதை நோட்டில் குறியுங்கள். பிரேமில் பொறித்துள்ள எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்கு ஒரு முழு ஞாயிறு ஆகும். வேறு எதுவும் செய்யாமல் இதோடு நிறுத்தினாலும் நஷ்டமில்லை. 1988-ல் நான் இந்த ஒரு நாளைச் செலவிட்டிருந்தால் மற்ற பத்து ஞாயிறுகள் தேவைப்பட்டிருக்காது.

கழுவுதல்

வெதுவெதுப்பான நீர், சில துளி திரவ சோப்பு, பழைய பருத்தி வேட்டித் துணி. இவ்வளவுதான். துணியைப் பிழிந்துவிட்டுத் துடைக்க வேண்டும். குழாயில் பிடித்து அடிக்கக் கூடாது. இணைப்புகளின் மூலைகளுக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சி.

நம் வீடுகளில் சைக்கிளை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பது வழக்கம். செயினுக்கு அது சரி. எழுத்துகள் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஸ்பிரிட், பெட்ரோல், தின்னர் மூன்றும் எழுத்தின் மேலுள்ள வார்னிஷை இளக்கி, அதோடு தங்க நிறத்தையும் கொண்டுபோய்விடும்.

கழுவியபின் மங்கலாக இருந்தால் பலரும் ரப்பிங் காம்பவுண்டை எடுப்பார்கள். அது பெயிண்டைத் தேய்த்து மெலிதாக்கித்தான் பளபளப்பைத் தருகிறது. துணியில் ஏறும் கறுப்பு அழுக்கு அல்ல, பெயிண்ட். எழுத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, மிகக் கொஞ்சமாக ஒருமுறை செய்யலாம், அதற்குமேல் வேண்டாம். எழுத்தின்மேல் கார் மெழுகை விரல் நுனியால் தடவி, மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். பெரும்பாலான வண்டிகளுக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

மேல்பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது?

என் வண்டிக்கு இதோடு முடியவில்லை. மெரூனுக்கு அடியில் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. என் மகள்தான் கேட்டாள்: "அப்பா, அந்த ஆள் பழைய பெயிண்ட்டைச் சுரண்டினாரா, இல்லை மேலேயே அடிச்சாரா?" முப்பத்து நான்கு ஆண்டுகளாக நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி.

இதற்கு எளிய சோதனை உண்டு. டூக்கோ என்று நாம் சொல்வது நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் வகை. அது எத்தனை ஆண்டு ஆனாலும் தன் தின்னர் பட்டால் மறுபடி கரையும். சூளையில் சுட்ட எனாமல் அவ்வளவு சீக்கிரம் கரையாது. பெடல் அச்சு நுழையும் குழாயின் அடிப்பக்கம் யார் கண்ணிலும் படாது. அங்கே தின்னர் தொட்ட பஞ்சை 10 விநாடி அழுத்திப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் மேலே இருப்பது லாக்கர். ஏறாவிட்டால் வேறு வகை. அதற்கு இந்த முறை பயன்படாது.

எனக்குப் பஞ்சு சிவந்தது; அடியில் கறுப்பு தெரிந்தது.

அதன்பின் செய்தது இது. ஒருமுறைக்கு ஒரு சதுர அங்குலம். பஞ்சைத் தேய்க்காமல் உருட்ட வேண்டும். 5 விநாடியில் எடுத்துவிட்டு, உலர்ந்த பஞ்சால் ஒற்றி, புதிய பஞ்சு எடுக்க வேண்டும். கறுப்பு தெரிந்ததும் நிறுத்த வேண்டும். எழுத்து இருக்கும் என்று சந்தேகப்படும் இடத்தில் முழுவதும் எடுக்கவே கூடாது. மெல்லிய மெரூன் படலம் ஒன்றை விட்டுவைத்து, ஒரு நாள் ஆறவிட்டு, மிச்சத்தை நயமான பாலிஷ் கொண்டு விரல் நுனியால் எடுக்க வேண்டும். ஏனெனில் எழுத்தின் வார்னிஷுக்கும் தின்னர் ஆகாது.

நான்காவது ஞாயிறு, கீழ்க்குழாயின் இடதுபுறத்தில் ஒரு தங்கக் கீற்று தெரிந்தது. மாலைக்குள் இரண்டு எழுத்து. அடுத்த வாரம் முழுப்பெயரும் வந்தது. ஆங்காங்கே உதிர்ந்திருந்தாலும் படிக்க முடிந்தது. வலதுபுறத்தில் ஒன்றும் இல்லை. பெயிண்டர் வலதுபுறத்தை எமரி தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்திருக்கிறார். இடதுபுறம் வந்தபோது அலுத்துப்போய் மேலேயே அடித்துவிட்டார். அன்று அவர் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் இன்று எனக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அவர் சோம்பலுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

துருவும் கடுக்காயும்

பெயிண்ட் உதிர்ந்த இடங்களில் துரு இருக்கும். அதை அப்படியே விட்டு மேலே பெயிண்ட் தொட்டால் ஒரு மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பிவிடும். தளர்ந்த துருவை மட்டும் நயமான வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கறுப்பாக மாற்றிவிடலாம்.

இதற்கு விலை உயர்ந்த திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றின் சாரம் டானிக் அமிலம். நம் பாட்டிமார் வைத்திருந்த கடுக்காயிலும் அந்த வகைத் துவர்ப்புப் பொருளே நிறைந்திருக்கிறது. கடுக்காயும் இரும்பு உப்பான அன்னபேதியும் சேர்ந்து கறுப்பு மை ஆகும் என்பது நம் முன்னோர் அறிந்தது. அதே ரசாயனம்தான் இங்கும்: துரு, துவர்ப்போடு சேர்ந்து நீலக்கறுப்பான கெட்டிப் படலமாகிறது. கறுப்பு வண்டிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல் 50 கிராம் எடுத்து இடித்து, அரை லிட்டர் நீரில் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டவும். கொல்கத்தாவில் பூஜைச் சாமான் விற்கும் தசகர்மா பண்டாரில் ஹரிதகி என்று கேட்டால் கொடுப்பார்கள். சிறு தூரிகையால் துருவின்மேல் மட்டும் தொட்டு, உலரவிட்டு, இரண்டாம் முறை தொடவும். மறுநாள் ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் பெயிண்ட் தொடலாம்.

கழற்றிய இரும்பு நட்டுகளுக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் நல்லது. ஒரு லிட்டர் நீருக்கு 20 முதல் 30 கிராம். சில மணி நேரம் ஊறவைத்து, பிறகு சோடா உப்பு நீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். இது விஷம், கையுறை அவசியம். சமையலறைப் பாத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. அலுமினியம், துத்தநாகப் பூச்சு உள்ள உறுப்புகளை இதில் போடக் கூடாது.

உதிர்ந்த இடத்தை நிரப்புதல்

இரும்பு தெரியும் இடத்தில் மட்டும் பெயிண்ட் தொட வேண்டும். சுற்றியுள்ள பழைய பெயிண்ட்மேல் ஏற்றக் கூடாது. இதுதான் விதி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண கறுப்பு சிந்தெடிக் எனாமலும், மிக மெல்லிய தூரிகையும் போதும். ஒரே தடிப்பாக நிரப்பாமல், மூன்று மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டுச் செய்யவும். கடைசியில் 2000-ம் எண் வாட்டர் பேப்பரை நீரில் நனைத்து மேட்டை மட்டும் சமப்படுத்தி, மெழுகு தடவவும்.

கறுப்பிலும் பல கறுப்பு உண்டு. பழைய வண்டியின் கறுப்பு, மஞ்சளான வார்னிஷால் சற்றே பழுப்புச் சாயலோடு இருக்கும். புதுப் பெயிண்டில் ஒரு துளி பழுப்பு கலந்து, தகரத்துண்டில் தடவி, உலர்ந்தபின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள்.

வங்காளத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த வேலையை எடுக்கவே வேண்டாம். காற்றின் ஈரம் உலரும் பெயிண்டில் படிந்து வெண்மை பூக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம்.

இல்லாத எழுத்தைத் திரும்ப வைத்தல்

வலதுபுறம் எமரியால் போய்விட்டது. அங்கே புதுக் கறுப்பு அடித்தேன். இடதுபுறத்திலிருந்து டிரேசிங் தாளில் எடுத்த எழுத்தை வைத்து வலதுபுறத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் செய்தேன். இதில் மூன்று வழி உண்டு.

முதலாவது பழைய முறை. படம் தாளில் தலைகீழாக அச்சாகியிருக்கும். அதன்மேல் வார்னிஷ் தடவி, விரலில் ஒட்டும் பதம் வரும்வரை காத்திருந்து, குழாயில் அழுத்தி ஒட்டி, பின்பக்கத் தாளை நீரால் நனைத்து எடுப்பது. பதம் தப்பினால் படமே வீணாகும்.

இரண்டாவது நீரில் வழுக்கும் தாள். பசை பூசிய தாளில் அச்சிட்ட படத்தை ஒரு நிமிடம் வரை நீரில் போட்டால், தாளிலிருந்து படம் நழுவும். ஈரமான குழாயில் அதை நகர்த்திச் சரியான இடத்தில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரை ஒற்றி எடுக்கலாம். சின்னப் பிழையைத் திருத்திக்கொள்ள வழி இருப்பதால் புதியவர்களுக்கு இதுவே ஏற்றது.

மூன்றாவது வினைல் ஸ்டிக்கர். எளிது, ஆனால் ஓரம் தடிப்பாகத் தெரியும். பழைய வண்டியில் அது ஒட்டாத உறவாகவே நிற்கும்.

வீட்டுப் பிரிண்டரால் தங்க நிறமும் வெள்ளையும் அச்சிட முடியாது. எனவே கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டரைத் தேடிப் போனேன். தங்க மை அவர்களிடம் எப்போதும் இருக்கும். வழுக்குத் தாளை நான் வாங்கிக் கொடுத்தேன். அவர் பத்துப் பிரதி அடித்துக் கொடுத்தார். பாட்டிலில் ஒட்டிப் பழகியதில் நான்கு வீணாயின. குழாயில் ஒட்டியது ஐந்தாவது. ஒட்டி இரண்டு நாள் உலர்ந்தபின் சாதாரண வார்னிஷ் மெல்லிதாக இரண்டு பூச்சு. அதற்கும் முன் ஒரு துணுக்கில் சோதித்துப் பார்த்துவிடுங்கள். கடுமையான வார்னிஷ் மையைச் சுருக்கிவிடும்.

கோடு இழுப்பதற்கு நீண்ட மயிர்த் தூரிகை வேண்டும். சுண்டுவிரலைக் குழாயோடு உரசிக்கொண்டே, தூரிகையைத் தன்னை நோக்கி ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். அடியில் உள்ள பெயிண்ட் முழுவதும் உலர்ந்திருந்தால், பிசகிய கோட்டை உடனே டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். கோலம் போட்டுப் பழகிய கை என்றால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் கடைசிக் கோடுகள் இரண்டும் என் மனைவி இழுத்தவை.

எப்போது முழுவதும் புதுப் பெயிண்ட் அடிக்கலாம்?

பிரேமில் விரிசல் கண்டு பற்றவைக்க நேர்ந்தால், அல்லது துரு குழாயைத் தின்று பாதிக்குமேல் பெயிண்டே இல்லாவிட்டால், அடித்துத்தான் ஆகவேண்டும். அப்போதும் தலைக்குழாயில் உள்ள பித்தளைச் சின்னத்தை முதலில் பத்திரமாகக் கழற்றுங்கள். பவுடர் கோட்டிங் செய்தால் 180 முதல் 200 டிகிரி வரை சூடேற்றுவார்கள். உறுதியானதுதான், ஆனால் தடிப்பால் இணைப்புகளின் நயமான ஓரங்கள் மழுங்கும். மணல் வீசிச் சுத்தம் செய்யும் இடத்தில், பிரேம் எண்ணை மறைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-ல் இயற்றப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே உலர்ந்த நிலையில் ஒருபோதும் தேய்க்காதீர்கள். நீர் நனைத்தே தேயுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். சேர்ந்த சேற்றைத் தாளில் வழித்துக் கட்டி எறியுங்கள்.

இரண்டு: தின்னர் ஆவி எளிதில் தீப்பற்றும். திறந்த பால்கனியில் மட்டும் செய்யுங்கள். பக்கத்தில் அடுப்பு, சுவாமி விளக்கு, ஊதுவத்தி எதுவும் கூடாது.

மூன்று: இரண்டு திரவம் கலந்து அடிக்கும் கார் வார்னிஷ் வீட்டில் வேண்டாம். அதன் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணி முகமூடி அதைத் தடுக்காது.

மூன்று சுழியும் இரண்டு சுழியும்

இனி அந்தச் செயின் கவருக்கு வருகிறேன். அதில் அப்பாவின் பெயர் வெள்ளைப் பெயிண்டில் தமிழில் எழுதியிருக்கும். 1961-ல் ஆசன்சோல் ஸ்டேஷன் எதிரே கடைப் பலகை எழுதும் ஒரு வங்காளி எழுதியது. அவருக்குத் தமிழ் தெரியாது. அப்பா ஒரு தாளில் எழுதிக் காட்ட, அவர் அதைப் படம்போல் பார்த்து வரைந்திருக்கிறார். அப்பா பெயரில் ஒரு 'ண' வரும். வரைந்தவர் ஒரு சுழியை விட்டுவிட்டார், 'ன' ஆகிவிட்டது.

"திருத்தச் சொல்லக் கூடாதா என்று அன்னிக்கே கேட்டேன். 'இந்த ஊர்ல படிக்கப் போறவன் எவன்?'னு சிரிச்சார்" என்று அம்மா சொல்வார்கள். ஆனால் படிக்க ஆள் இருந்தது. ஆசன்சோலில் எனக்குத் தமிழ்ப் பள்ளி இல்லை. அப்பா திண்ணையில் என்னை உட்கார வைத்து, சைக்கிளைக் காட்டி எழுத்துக்கூட்டச் சொல்வார். நான் முதன்முதலில் படித்த தமிழ் அந்தச் செயின் கவரில் இருந்ததுதான். இரண்டு சுழி, மூன்று சுழி வித்தியாசத்தையும் அந்தப் பிழையைக் காட்டித்தான் சொல்லிக்கொடுத்தார். மெரூன் வண்டியில் அதைக் கறுப்பாகவே மாட்டிக்கொண்டு அவர் ஏன் ஓட்டினார் என்று, அவர் 2009-ல் மறைந்த பிறகு ஒருநாள் அந்தக் கவரைத் துடைத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வேலை முடியும் தறுவாயில் மகள் தூரிகையோடு வந்து நின்றாள். "ஒரு சுழிதானேப்பா, போட்டுடலாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். அவளும் அந்த எழுத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தூரிகையைக் கழுவப் போனாள். செயின் கவருக்குச் சோப்பு நீரும் மெழுகும் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

இன்னொன்றும் விட்டுவைத்தேன். பாரின் அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு மெரூன் அப்படியே இருக்கிறது. முதல் சம்பளத்தில் ஒரு பையன் ஆசையாகச் செய்ததும் அந்த வண்டியின் கதையில் சேர்ந்ததுதான்.

அன்பர்களே, பெயிண்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். நிதானமாகப் பார்த்து, அளந்து, படமெடுத்த பிறகு அடியுங்கள். உங்கள் வீட்டு சைக்கிளின் மட்கார்டிலோ கேரியரிலோ யாருடைய கையெழுத்தாவது இருக்கிறதா என்று இந்த ஞாயிறே போர்வையை எடுத்துப் பாருங்கள். இருந்தால் அதன் படத்தை அடுத்த முறை சங்கத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். மெல்லிய தூரிகைகளும், மிச்சமுள்ள வழுக்குத் தாளும், ஒரு டப்பா கடுக்காயும் என்னிடம் இருக்கின்றன.